இயங்குதள நிறுவி புதிய வன்தட்டை அறிதல்: படிநிலை விளக்கமும் தரவுக் காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் புதிய வன்தட்டைப் பொருத்தி இயங்குதளத்தை நிறுவ முற்படும்போது, நிறுவியின் பட்டியலில் அவ்வன்தட்டு இடம்பெறாமல் போவது பலரும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். ‘வன்தட்டு காணப்படவில்லை’ என்னும் ஒரே அறிவிப்பின்பின் வெவ்வேறு காரணங்கள் உள்ளன. வன்தட்டை அறிதல் என்பது ஒற்றைச் செயலன்று. இணைப்பு, இயக்கி, முகவரியும் பிரிவு அட்டவணையும், ஏற்பு என்னும் நான்கு படிநிலைகளின் தொடர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு படிநிலைக்கு உரிய தீர்வை மற்றொன்றில் கையாளும்போது தரவு இழப்பு நேர்கிறது என்பதையும், பழுது எந்நிலையில் உள்ளது எனத் தெளிந்த பின்னரே அழிப்புத் தன்மையுள்ள கட்டளைகளைக் கையாள வேண்டும் என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வன்தட்டு, நிறுவி, இயக்கி, நிலைபொருள், பிரிவு அட்டவணை, தரவுக் காப்பு, கணித்தமிழ்ச் சொல்லாட்சி.

முன்னுரை

தமிழாய்வின் மூலப்பொருள்கள் இன்று பெருமளவில் வன்தட்டுகளில் உள்ளன. ஓலைச்சுவடிகளின் மின்படிமங்கள், கள ஆய்வு ஒலிப்பதிவுகள், கல்வெட்டுப் படிகளின் ஒளிப்படங்கள், தொடரடைவுக்கான தரவுத்தொகுப்புகள் ஆகியவை ஆய்வாளரின் சொந்தக் கணினியிலோ துறையின் பொதுக் கணினியிலோ சேமிக்கப்படுகின்றன. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவை அதன் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால் பழைய கணினிகளில் திண்மநிலை வட்டைப் பொருத்தி வேறோர் இயங்குதளத்தை நிறுவும் தேவை கூடியுள்ளது. இப்பணியைக் கணினித் துறை சாராதவர்களும் மேற்கொள்ள நேர்கிறது.

நிறுவி வன்தட்டைக் காட்டாதபோது, கேள்விப்பட்ட தீர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக முயல்வதே வழக்கமாக உள்ளது. ‘அமைப்பை மாற்று’, ‘வட்டைத் துடைத்துவிடு’, ‘இயக்கியை ஏற்று’ என வரும் அறிவுரைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலில் சரியானவையே. எச்சூழலில் எது சரி என்பதைத் தெரிந்துகொள்ள, அறிதல் என்னும் நிகழ்வின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லாட்சி குறித்த விளக்கம்

தமிழில் இச்சிக்கலை விளக்குவதற்குச் சொல்லாட்சியும் ஒரு தடையாக உள்ளது. ‘டிரைவ்’ என்னும் கருவியையும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளையும் குறிக்க ‘இயக்கி’ என்னும் ஒரே சொல் வழங்குவதுண்டு. முன்னது ‘வட்டு இயக்கி’ எனவும் பின்னது ‘சாதன இயக்கி’ எனவும் அடைகளால் வேறுபடுத்தப்படினும், அடையின்றி ‘இயக்கி கிடைக்கவில்லை’ என்று எழுதும்போது பொருள் மயங்குகிறது. இல்லாதது வட்டா, அதனோடு உரையாடும் மென்பொருளா என்பதே இங்குக் கண்டறியப்பட வேண்டிய வினா. அவ்வினாவையே மறைத்துவிடும் சொல் விளக்கத்திற்குப் பயன்படாது. ஆகவே இக்கட்டுரையில் ‘வன்தட்டு’ என்பது காந்தத் தட்டு, திண்மநிலை வட்டு ஆகிய இருவகைச் சேமிப்புக் கருவிகளையும், ‘இயக்கி’ என்பது மென்பொருளை மட்டுமேயும் குறிக்கின்றன. தாய்ப்பலகையில் பதிந்துள்ள தொடக்க நிரல், அது பயாஸாக இருப்பினும் யு.இ.எஃப்.ஐ. ஆக இருப்பினும், ‘நிலைபொருள்’ எனப்படுகிறது.

அறிதலின் நான்கு படிநிலைகள்

சுவடி நூலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு சுவடியைப் பயன்படுத்த, முதலில் அக்கட்டு நூலகத்தின் அடுக்கில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அதன் எழுத்தை வாசிக்க வல்லவர் வேண்டும். மூன்றாவதாக, எவ்வேட்டில் எந்நூல் தொடங்கி எங்கு முடிகிறது என்னும் குறிப்பு வேண்டும். நான்காவதாக, அதனைப் பயன்படுத்த நூலக விதி இடம்தர வேண்டும். கிரந்த எழுத்தை அறியாதவருக்குக் கிரந்தச் சுவடி கண்முன் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். வன்தட்டை அறிதலும் இத்தகையதே.

1. இணைப்பு நிலை

வன்தட்டுக்கு மின்னாற்றல் கிடைக்க வேண்டும். தரவுப் பாதை தாய்ப்பலகையோடு இணைந்திருக்க வேண்டும். சாட்டா வகை வன்தட்டில் மின்னிணைப்பு 15 முனைகளும் தரவிணைப்பு 7 முனைகளும் கொண்ட தனித்தனி இணைப்பிகளாக உள்ளன. மின்னிணைப்பு மட்டும் பொருந்தியிருந்தால் காந்தத் தட்டு சுழலும். ஆயினும் நிலைபொருள் அதனைக் காணாது. தட்டு சுழலும் ஒலி கேட்பதால் மட்டும் இணைப்பு முழுமையானது எனக் கொள்ள இயலாது.

எம்.2 வகை வட்டுகளில் வேறொரு மயக்கம் உண்டு. எம்.2 என்பது வட்டின் வடிவத்தையும் இணைப்பியையும் குறிக்கும் பெயரே. அவ்வடிவில் வரும் வட்டு சாட்டா முறையிலோ என்.வி.எம்.இ. முறையிலோ இயங்கலாம். சில தாய்ப்பலகைகளின் எம்.2 செருகுவாய் இவற்றுள் ஒன்றை மட்டுமே ஏற்கும். வேறு சிலவற்றில் எம்.2 செருகுவாயைப் பயன்படுத்தினால் சாட்டா இணைப்பு ஒன்று செயலிழக்கும். புதிய வட்டைப் பொருத்தியதும் பழைய வன்தட்டு மறைந்துபோவது இதனாலும் நேரலாம். தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்தே இதனை உறுதிசெய்ய முடியும்.

நிலைபொருளின் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் காணப்படுகிறதா என்பதே இந்நிலைக்கான சோதனையாகும். அங்கு இல்லையெனில் நிறுவியை மாற்றுவதாலோ இயக்கியை ஏற்றுவதாலோ பயனில்லை.

2. இயக்கி நிலை

நிலைபொருள் வன்தட்டைக் காட்டுகிறது, நிறுவி காட்டவில்லை. பயனரை மிகுதியும் குழப்புவது இந்நிலையே. கணினி தொடங்கும்போது நிறுவியின் முதற்கட்டக் கோப்புகளை நினைவகத்திற்குக் கொணர்வதற்கு நிலைபொருளின் வாசிப்புச் சேவையே பயன்படுகிறது. இயங்குதளத்தின் கெர்னல் பொறுப்பேற்ற பின்னர் அச்சேவை பயன்படுவதில்லை. அதன்பின் ஒவ்வொரு கட்டுப்படுத்தியோடும் கெர்னல் தன் சொந்த இயக்கி வழியாகவே உரையாடுகிறது. எனவே நிலைபொருள் கண்டதைக் கெர்னலும் காணும் என்னும் உறுதி இல்லை. நிறுவியைத் தாங்கிய யு.எஸ்.பி. விரலி இயங்குவதும் இதற்குச் சான்றாகாது. அதற்குரிய இயக்கி வேறு, வன்தட்டின் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி வேறு.

ஒரு நிறுவி தான் வெளியான காலத்தில் தன்னுள் சேர்க்கப்பட்ட இயக்கிகளை மட்டுமே கொண்டிருக்கும். வன்தட்டும் கட்டுப்படுத்தியும் அதற்குப் பிற்பட்டவையாக இருக்கலாம். இந்தக் கால இடைவெளி வரலாற்றில் பலமுறை வெளிப்பட்டுள்ளது.

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, ஏ.எச்.சி.ஐ. என்னும் சாட்டா கட்டுப்பாட்டு முறைக்கான இயக்கியைக் கொண்டிருக்கவில்லை. அம்முறையின் வரையறை வெளியானதே 2004இல்தான். ஆகவே எக்ஸ்பி நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து இயக்கியை ஏற்ற வேண்டியிருந்தது. நெகிழ்வட்டுக் கருவி இல்லாத மடிக்கணினிகளில், நிலைபொருளில் பழைய ஐ.டி.இ. முறையைத் தெரிவுசெய்வதே எளிய வழியாக இருந்தது. விண்டோஸ் விஸ்டா முதல் ஏ.எச்.சி.ஐ. இயக்கி நிறுவியிலேயே இடம்பெற்றது.

அடுத்து, என்.வி.எம்.இ. வரையறையின் முதல் பதிப்பு 2011இல் வெளியானது. லினக்ஸ் கெர்னலில் அதற்கான இயக்கி 2012இல் வெளியான 3.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது. விண்டோஸில் 8.1 பதிப்பு அதனை உள்ளடக்கி வந்தது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 நிறுவியில் அது இல்லை. பின்னர் வெளியிடப்பட்ட திருத்தத்தை நிறுவிக் கோப்புகளுள் சேர்த்தால் மட்டுமே அது என்.வி.எம்.இ. வட்டைக் கண்டது.

மூன்றாவது நிகழ்வு அண்மைக்காலத்தது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் முதலாக, பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்னும் அமைப்பு இயக்கப்பட்ட நிலையில் வருகிறது. அது என்.வி.எம்.இ. வட்டைத் தனக்குப் பின்னே வைத்துக்கொள்கிறது. வி.எம்.டி. அமைப்புக்கான இயக்கி விண்டோஸ் 10, 11 நிறுவிகளின் பல வெளியீடுகளில் இல்லாமையால், வட்டு பழுதின்றி இருந்தும் பட்டியல் வெறுமையாகத் தோன்றுகிறது. வட்டுக்குரிய இயக்கி இருந்தும், அதனை அடையும் வழிக்குரிய இயக்கி இல்லாமையே இங்குக் காரணம்.

இந்நிலைக்கு இரு தீர்வுகள் உள்ளன. முதலாவது, கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உரிய சேமிப்பு இயக்கியைப் பெற்று, நிறுவியின் ‘இயக்கியை ஏற்று’ என்னும் தெரிவின்வழி வழங்குதல். இயக்கியைத் தானாக நிறுவும் செயற்கோப்பாக வழங்கினால் நிறுவி அதனை வாசிக்காது. வேறொரு கணினியில் அதனைப் பிரித்தெடுத்து, ஐ.என்.எஃப். என்னும் பின்னொட்டுடைய கோப்பு உள்ள உறையை விரலியில் வைக்க வேண்டும். இரண்டாவது, நிலைபொருளில் வி.எம்.டி. அமைப்பை நிறுத்துதல் அல்லது ரெய்டு முறையை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றுதல். லினக்ஸ் நிறுவலில் இரண்டாவது வழியே பெரிதும் கையாளப்படுகிறது. பழைய இன்டெல் கணினிகளில் ரெய்டு முறை என்.வி.எம்.இ. வட்டைச் சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னே மறைத்திருந்தால், ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றுமாறு லினக்ஸ் கெர்னலின் தொடக்கப் பதிவேடே அறிவுறுத்தும்.

இவ்விரண்டாம் தீர்வு ஓர் இடரையும் உடையது. கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதனை வைத்துக்கொள்ள வேண்டுமாயின், முறையை மாற்றியதும் அது தன் வட்டை அடைய இயலாமல் 7பி என முடியும் குறியோடு நீலத்திரையில் நின்றுவிடலாம். அந்நிலையில் தரவு அழிந்துவிடவில்லை. பழைய முறைக்கு மீட்டால் கணினி மீண்டும் இயங்கும். இதனை அறியாதவர், வட்டு பழுதாயிற்று எனக் கருதி வடிவமைத்துவிடும்போதுதான் இழப்பு நேர்கிறது. மேலும், பிட்லாக்கர் மறைகுறியாக்கம் உள்ள கணினிகளில் நிலைபொருள் மாற்றத்தைத் தொடர்ந்து 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இம்மறைகுறியாக்கம் பயனர் அறியாமலேயே இயக்கப்பட்டிருக்கும். ஆகவே திறவுகோலை முன்னரே குறித்துக்கொள்ளாமல் நிலைபொருளில் எதனையும் மாற்றுதல் கூடாது.

3. முகவரியும் பிரிவு அட்டவணையும்

இயக்கி இருந்தும் வன்தட்டு குறைந்த கொள்ளளவுடன் காட்டப்படுவது மூன்றாம் நிலைச் சிக்கலாகும். வன்தட்டின் ஒவ்வொரு செக்டருக்கும் ஓர் எண்முகவரி உண்டு. ஏ.டி.ஏ. தரத்தின் முந்தைய பதிப்புகள் அம்முகவரிக்கு 28 பிட்டுகளை ஒதுக்கின. 512 பைட்டு கொண்ட செக்டர்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 137 ஜிகாபைட்டே அதன் எல்லை. 48 பிட்டு முகவரி பின்னர் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் வெளியீடு அதனை இயல்பாகக் கையாளவில்லை. 2002இல் வந்த முதல் சேவைத்தொகுப்புக்குப் பின்னரே இக்குறை நீங்கியது. பழைய குறுவட்டைக் கொண்டு பெரிய வன்தட்டில் நிறுவியவர்கள் எஞ்சிய இடத்தைக் காணாமைக்கு இதுவே காரணம்.

இதனையொத்த எல்லை பிரிவு அட்டவணையிலும் உண்டு. 1983இல் பி.சி.டாஸ் 2.0 உடன் வந்த எம்.பி.ஆர். அட்டவணை, பிரிவுகளின் தொடக்கத்தையும் நீளத்தையும் 32 பிட்டுகளில் குறிக்கிறது. அதே 512 பைட்டுக் கணக்கின்படி 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் சுட்ட இயலாது. 4 டெராபைட்டு வன்தட்டின் பாதியளவு ‘ஒதுக்கப்படாதது’ என நின்றால் வட்டில் குறையில்லை. அட்டவணையின் எல்லையே அது. யு.இ.எஃப்.ஐ. வரையறையின் பகுதியான ஜி.பி.டி. அட்டவணை 64 பிட்டு முகவரியைக் கொண்டது, எம்.பி.ஆர். நான்கு முதன்மைப் பிரிவுகளையே ஏற்க, ஜி.பி.டி. இயல்பாக 128 பிரிவுகளுக்கு இடமளிக்கிறது.

புத்தம்புதிய வன்தட்டில் எந்த அட்டவணையும் இராது. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அத்தகைய வன்தட்டு கோப்பு உலாவியில் தோன்றாது. வட்டு மேலாண்மைக் கருவியில் மட்டும் தோன்றும். நிறுவியோ அதனை ‘ஒதுக்கப்படாத இடம்’ எனக் காட்டித் தேவையான பிரிவுகளைத் தானே அமைத்துக்கொள்ளும். புதிய வன்தட்டை முன்னரே வடிவமைத்தால்தான் நிறுவி காணும் என்னும் கருத்து பொருந்தாது.

4. ஏற்பு நிலை

வன்தட்டு பட்டியலில் முழுக் கொள்ளளவுடன் உள்ளது. ஆயினும் ‘இவ்வட்டில் நிறுவ இயலாது’ என நிறுவி மறுக்கிறது. இங்கு அறிதல் முழுமை பெற்றுவிட்டது, விதியே தடுக்கிறது. யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கிய விண்டோஸ் நிறுவி ஜி.பி.டி. அட்டவணையையும், பழைய பயாஸ் முறையில் தொடங்கிய நிறுவி எம்.பி.ஆர். அட்டவணையையும் வேண்டும். ஏற்கெனவே பயன்பட்ட வன்தட்டில் இம்முரண்பாடு மிகுதியாகத் தோன்றும்.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு, ஷிஃப்ட், எஃப்10 விசைகளால் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியின் ‘கிளீன்’ கட்டளையால் அட்டவணையை நீக்கி, ஜி.பி.டி. ஆக மாற்றுவதாகும். உள்ளடக்கம் ஏதுமற்ற வன்தட்டுக்கு இது பொருத்தமானது. தரவுள்ள வன்தட்டுக்கோ இது முதல் தீர்வாகாது. ஒரே விரலி நிலைபொருளின் தொடக்கப் பட்டியலில் இரு பெயர்களில் தோன்றுவதுண்டு, யு.இ.எஃப்.ஐ. என்னும் முன்னொட்டுடையதும் இல்லாததும். வன்தட்டின் அட்டவணைக்கு ஒத்த பெயரைத் தெரிவுசெய்து நிறுவியை மீண்டும் தொடங்கினாலே மறுப்பு நீங்கலாம். யு.இ.எஃப்.ஐ. ஆதரவை வேண்டும் விண்டோஸ் 11 போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கும், வன்தட்டில் விண்டோஸ் 10 இருப்பின், 1703 பதிப்பு முதல் அதனுடன் வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவி தரவை நீக்காமலேயே அட்டவணையை மாற்றித்தரும். எனினும் படியெடுத்துக்கொண்ட பின்னரே இதனையும் செய்தல் வேண்டும்.

தவறான தீர்வும் தரவு இழப்பும்

மேற்கண்ட நான்கு நிலைகளுள் முதல் மூன்றில் எதிலும் தரவை அழித்தல் பழுதை நீக்குவதற்கான முதல் வழியன்று. கேபிள் பொருந்தாததையும் இயக்கி இல்லாததையும் துடைத்தலால் சரிசெய்ய இயலாது. நான்காம் நிலையிலும் அது தெரிவுகளுள் ஒன்று மட்டுமே. ஆயினும் நடைமுறையில் ‘கிளீன்’ கட்டளை எல்லா நிலைகளிலும் முயலப்படுகிறது. நிறுவி புதிய வட்டைக் காணாத இயக்கிநிலைப் பழுதில், டிஸ்க்பார்ட் பட்டியலில் எஞ்சி நிற்பது தரவுள்ள பழைய வன்தட்டாகவோ நிறுவி விரலியாகவோதான் இருக்கும். ‘வட்டு 0’ என்பது புதிய வட்டே எனக் கருதிக் கட்டளையிடுபவர் பழைய வன்தட்டின் அட்டவணையையே நீக்கிவிடுகிறார்.

வன்தட்டுகளுக்கு இடப்படும் வரிசை எண் நிலையானதன்று. லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என வரும் பெயர்களும் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறலாம். ஆகவே கொள்ளளவையும் மாதிரிப் பெயரையும் கொண்டே வன்தட்டை இனங்காண வேண்டும். உற்பத்தியாளர் பத்தின் அடுக்குகளிலும் விண்டோஸ் இரண்டின் அடுக்குகளிலும் கணக்கிடுவதால், 1 டெராபைட்டு வன்தட்டு 931 ஜி.பி. எனவும் 500 ஜிகாபைட்டு வன்தட்டு 465 ஜி.பி. எனவும் தோன்றும் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

அட்டவணை நீங்கிய காந்தத் தட்டில், புதிதாக எதுவும் எழுதப்படாதவரை உள்ளடக்கத்தை மீட்கும் வாய்ப்பு உண்டு. ‘கிளீன்’ கட்டளை அட்டவணைத் தகவலையே நீக்குகிறது. ‘கிளீன் ஆல்’ என்பது எல்லாச் செக்டர்களிலும் சுழியத்தை எழுதிவிடும். அதன்பின் மீட்பு இல்லை. திண்மநிலை வட்டில் விரைவு வடிவமைப்பே போதும். ‘டிரிம்’ என்னும் ஆணையின்வழி இடம் விடுவிக்கப்படுவதால் மீட்பு பெரும்பாலும் இயலாமற்போகும்.

அச்சு நூலின் மின்படியை மீண்டும் உருவாக்கலாம். மறைந்துபோன தகவலாளியின் குரலையோ செல்லரித்து உதிர்ந்த ஏட்டின் படிமத்தையோ மீண்டும் பெற இயலாது. ஒரு கட்டளையின் விளைவு இத்தகையதாக இருக்குமிடத்தில், மேசைக் கணினியாயின் நிறுவலுக்கு முன் பழைய வன்தட்டின் கேபிளைக் கழற்றிவைப்பதே மிகச் சிறந்த காப்பாகும். இதனால் மற்றுமொரு நன்மையும் உண்டு. இரு வன்தட்டுகள் இணைந்திருந்தால், விண்டோஸ் நிறுவி தொடக்கக் கோப்புகளைப் பழைய வன்தட்டிலும் ஏனையவற்றைப் புதியதிலும் வைத்துவிடுவதுண்டு. பின்னாளில் பழையதைக் கழற்றினால் கணினி தொடங்காது.

சோதனை வரிசை

பழுதின் இடத்தைக் கண்டறியப் பின்வரும் வரிசை போதுமானது.

1. தேவையான தரவு அனைத்தும் வேறொரு வன்தட்டில் படியெடுக்கப்பட்டுள்ளதா, மீட்புத் திறவுகோல் குறிக்கப்பட்டுள்ளதா என உறுதிசெய்தல்.

2. நிலைபொருள் திரையில் வன்தட்டின் பெயரைத் தேடுதல். இல்லையெனில் இணைப்பு, செருகுவாய், மின்னாற்றல் ஆகியவற்றைச் சோதித்தல்.

3. நிலைபொருளில் இருந்து நிறுவியில் இல்லையெனில் கட்டுப்படுத்தியின் முறையையும் இயக்கியையும் சோதித்தல். லினக்ஸின் நேரடி இயக்கப் பதிப்பில் கணினியைத் தொடங்கி ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ கட்டளையிடுதல் இதற்குத் துணைபுரியும். அங்கு வன்தட்டு தோன்றினால் கருவி நலமாக உள்ளது, விண்டோஸ் நிறுவியின் இயக்கியே குறை எனலாம்.

4. பட்டியலில் குறைந்த கொள்ளளவுடன் இருந்தால் நிறுவியின் பதிப்பையும் அட்டவணை வகையையும் நோக்குதல்.

5. முழுமையாகத் தோன்றியும் மறுக்கப்பட்டால் தொடக்க முறையையும் அட்டவணையையும் ஒப்பிடுதல்.

துடைத்தல், வடிவமைத்தல் ஆகியவை ஐந்தாம் படியைக் கடந்து, மாதிரிப் பெயரால் வன்தட்டை உறுதிசெய்த பின்னரே இடம்பெற வேண்டும்.

முடிவுரை

நிறுவி புதிய வன்தட்டை அறியாமை என்பது இணைப்பு, இயக்கி, முகவரியும் அட்டவணையும், ஏற்பு என்னும் நான்கு நிலைகளுள் ஏதேனும் ஒன்றில் நேரும் தடையாகும். நிறுவியின் அறிவிப்பு தடை உண்டு என்பதை மட்டும் தெரிவிக்கிறது. தடையின் இடத்தைத் தெரிவிப்பதில்லை. எந்நிலைவரை வன்தட்டு காணப்பட்டது என்பதைக் கண்டறிந்தால், அடுத்த நிலையே பழுதின் இடம் என்பது தெளிவாகும். எக்ஸ்பி காலத்து எஃப்6 விசை முதல் இன்றைய வி.எம்.டி. வரை, வட்டுகளின் வேகமும் கொள்ளளவும் மாறினும், நிறுவிக்கும் வன்பொருளுக்கும் இடையிலான கால இடைவெளி என்னும் காரணம் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காணமுடிகிறது.

வட்டையும் இயக்கியையும் வேறுபடுத்தும் சொல்லாட்சி தமிழில் நிலைபெறுவது இவ்விளக்கத்தை எளிதாக்கும். பல்கலைக்கழகத் துறைகளும் கல்லூரிகளும் தம் கணினிகளின் தாய்ப்பலகை மாதிரி, கட்டுப்படுத்தியின் முறை, அட்டவணை வகை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைப்பதும், மின்படிமங்களும் ஒலிப்பதிவுகளும் உள்ள வன்தட்டில் இயங்குதளத்தை வைக்காமல் இரண்டையும் பிரித்துவைப்பதும் நடைமுறையில் கொள்ளத்தக்கவை. அவ்வாறு பிரித்துவைத்தால், இயங்குதளத்தை எத்தனை முறை நிறுவ நேர்ந்தாலும் ஆய்வுத்தரவு அதனால் பாதிக்கப்படாது.